தாம்பரத்து மெரினா மச்சான்கள்

தாம்பரத்தில் குடியிருப்பவர் தபால்காரரைப் பொறுத்தவரை சென்னைவாசி. மேற்குத் தாம்பரத்துக்கு 600045, கிழக்குத் தாம்பரத்துக்கு 600059. இரண்டுமே சென்னை பின்கோடுதான். தொலைபேசிக்கும் 044தான். ஆனால் வருமானச் சான்றிதழ் வாங்கப் போனால் கதை வேறு. அங்கே அவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1997-லிருந்து 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரராக இருந்தார். அதற்கும் முன்னால் மறுபடியும் செங்கல்பட்டு (நடுவில் கொஞ்ச காலம் அதற்குச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர்). 2011-ல் சென்னை மாநகராட்சி தன் எல்லையைப் பெரிதாக்கிக்கொண்டபோது கூட தாம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021-ல் தாம்பரமே ஒரு தனி மாநகராட்சி ஆகிவிட்டது. வண்டி நம்பர் டி.என். 11.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போய் கால்பந்து பார்க்கிறார். அங்கே அவருக்குப் பெயர் "மெரினா மச்சான்"!

மெரினாவுக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கேலியாகவும் கேட்கலாம், சீரியஸாகவும் கேட்கலாம். உலகம் முழுக்க கால்பந்து ரசிகர்களின் பட்டப்பெயர்களைப் பார்த்தால், தாம்பரத்துக்காரரின் இந்த நிலைமை ஒன்றும் அதிசயமில்லை என்று தெரியும்.

முதலில் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு ஒரு அணி வந்தது. பெயர் "சென்னையின் எஃப்.சி." உலகத்தில் எத்தனையோ கிளப்புகள் இருக்கின்றன, வேற்றுமை உருபோடு பெயர் வைத்துக்கொண்ட கிளப்பை விரல் விட்டு எண்ணிவிடலாம் :-) சென்னையின்... என்ன? அடுத்த சொல்லை ரசிகர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அணிக்குச் செல்லப்பெயர் "மெரினா மச்சான்ஸ்". ரசிகர் குழுக்களில் ஒன்று "சூப்பர் மச்சான்ஸ்". இன்னொன்று "பி ஸ்டாண்ட் ப்ளூஸ்", அதாவது ஸ்டேடியத்தில் தாங்கள் உட்காரும் பகுதியையே ஊராக்கிக்கொண்டவர்கள். பெங்களூருவின் "வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்" பெயரும் அதே மாதிரி வந்ததுதான். கேரளத்தில் "மஞ்சப்பட". அவர்கள் ஊரையும் சொல்லவில்லை, ஸ்டாண்டையும் சொல்லவில்லை. சட்டையின் நிறத்தைச் சொல்லிப் படை என்று விட்டார்கள். மூன்றில் அதுதான் அழகான பெயர் என்பதைச் சென்னைக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மச்சான் என்பது உறவுமுறை. ஆனால் கல்லூரி வாசல்களிலும் டீக்கடைகளிலும் அது உறவை விட்டு வெளியே வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில் நிற்பவன் எந்த ஊர், என்ன சாதி என்று தெரியாமலே மச்சான் என்று கூப்பிடலாம். அந்த வகையில் ஒரு ரசிகர் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. (மைதானத்துக்கு வரும் பெண்களுக்கு இந்தப் பெயரில் இடமில்லை என்பது ஒரு குறைதான்.)

மெரினாதான் இடிக்கிறது. நேரு ஸ்டேடியம் மெரினாவில் இல்லை. அது பெரியமேட்டில், ரிப்பன் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. 1993-ல் அது கட்டப்படுவதற்கு முன் அங்கே இருந்தது பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-லிருந்து 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் கூட அங்கேதான் நடந்தது. அந்த இடத்துக்குத்தான் கால்பந்துக்காக "மெரினா அரீனா" என்று பெயர் சூட்டினார்கள். கடலுக்கும் அதற்கும் நடுவே பாதி நகரம் இருக்கிறது. தாம்பரத்துக்காரருக்கு இந்த மாதிரிப் பெயர்கள் புதிதல்ல. 1931 மே மாதத்திலிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பீச் இருக்காது. எதிரே துறைமுகம்தான் இருக்கும்!

ஆக, மெரினா மச்சான் என்ற பெயரில் மெரினா என்பது முகவரி இல்லை. அப்படியானால் அது என்ன? இதற்குப் பதில் தேட கல்கத்தாவுக்குப் போக வேண்டும். இந்தியாவில் கால்பந்து ரசிகர்களின் பட்டப்பெயருக்கு நூறு வருட வரலாறு இருப்பது அங்கேதான்.

மோகன் பாகான் கிளப் 1889-ல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்தது. மோகன் பாகான் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். அன்று அது வங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வெற்றி. அந்தப் பதினோரு பேரில் பலர் கிழக்கு வங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பின்னாளில் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

பின்னாளில் என்றால் வெகுகாலம் கழித்து இல்லை. ஒன்பதே வருடம். 1920 ஜூலை 28, கூச் பெஹார் கோப்பை ஆட்டம், மோகன் பாகானுக்கு எதிரே ஜோராபாகான். ஜோராபாகான் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸைக் காரணம் சொல்லாமல் உட்கார வைத்துவிட்டது. அவர் கிழக்கு வங்கத்துக்காரர். அதுதான் காரணம் என்று கிழக்கத்தியவர்கள் நம்பினார்கள். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். நான்கே நாள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, புது கிளப் பிறந்தது. பெயர் ஈஸ்ட் பெங்கால்.

கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு, கல்கத்தாவில் இல்லாத ஒரு பிரதேசத்தின் பெயரைக் கிளப்புக்கு வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் பட்டணம் வந்தவர்களின் கிளப் அது. அவர்களைப் பட்டணத்துக்காரர்கள் "பாங்கால்" என்றார்கள். அந்தச் சொல்லில் பட்டிக்காட்டான் என்ற கேலியும் கலந்திருந்தது. பதிலுக்கு மேற்கத்தியவர்களுக்குக் கிடைத்த பெயர் "கோட்டி". கோட்டி என்றால் சொம்பு! இரண்டுமே மற்றவர் வைத்த பெயர்கள். இரண்டையும் சம்பந்தப்பட்டவர்களே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 1925-ல் லீகில் முதல்முறை இரண்டு கிளப்பும் மோதியபோது ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது.

1947-ல் நிலைமை தலைகீழாக மாறியது. கிழக்கு வங்கம் வேறு நாடாகிவிட்டது. லட்சக்கணக்கில் அகதிகள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் குடியேறியது நகரத்துக்குள் அல்ல, தெற்குப் புறநகரில். ஜாதவ்பூர், கரியா, யுத்த காலத்து ராணுவ முகாம் இருந்த இடத்தில் உருவான பிஜொய்கர்... எல்லாம் இப்படி எழுந்த குடியிருப்புகள். காலனியில் இருப்பவன் நகரத்தவனா இல்லையா என்ற கேள்விக்கு அரசாங்கத்திடமே தெளிவான பதில் இல்லாத காலம் அது. ஆனால் சனிக்கிழமை மைதானத்தில் அவனுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு இடம் இருந்தது. விட்டு வந்த ஊரின் பெயரை ஆயிரம் பேரோடு சேர்ந்து உரக்கச் சொல்ல முடிந்த இடம் அது ஒன்றுதான்.

ஜெயித்தால் பாங்கால் வீட்டில் இலிஷ் மீன் (தமிழ்நாட்டில் இதற்கு உல்லம் என்று பெயர்), கோட்டி வீட்டில் இறால். எந்த மீன் விலை ஏறுகிறது என்பதை வைத்தே ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடலாம் என்பது கல்கத்தாவின் பழைய வேடிக்கைப் பேச்சு.

இந்தக் கதையில் தமிழ் வாசகர்கள் ரசிக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு. அகதிகள் வந்து குவிந்த அதே வருடங்களில், 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று முறை ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. அதைச் சாதித்த முன்வரிசையைப் "பஞ்ச பாண்டவர்" என்று கொண்டாடினார்கள். அகமது கான், சாலே, அப்பாராவ், தன்ராஜ், வெங்கடேஷ். ஐந்து பேரும் தென்னிந்தியர்கள்! பத்மா நதியைப் பார்த்திராதவர்கள் கோல் அடித்தார்கள், பாங்கால்கள் அதைத் தங்கள் ஊரின் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். பட்டப்பெயர் ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குச் சொந்தம், மைதானத்தில் ஓடுபவர்களின் பூர்வீகம் அதற்குத் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இரண்டு தரப்பு ரசிகர்களுக்குள் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். யார் வீட்டில் என்ன மீன் என்ற விளையாட்டு அந்த 16 வீடுகளிலும் அன்றோடு முடிந்திருக்கும்.

கல்கத்தாவில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அர்ஜென்டினாவில் போகா ஜூனியர்ஸ் ரசிகர்களுக்கு "ஸெனெய்ஸே" என்று பெயர். அர்த்தம், ஜெனோவாக்காரன். 1905-ல் கிளப் தொடங்கிய துறைமுகப் பேட்டையில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. இன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துபவர்களில் பெரும்பாலோர் ஜெனோவாவை மேப்பில்தான் பார்த்திருப்பார்கள். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். வடசென்னையில் வியாசர்பாடிக்கு "மினி பிரேசில்" என்று பெயர். தெருவுக்குத் தெரு பந்து உதைக்கும் அந்தப் பகுதியைச் செய்தித்தாள்களில் ரவுடிகளின் பேட்டை என்று மட்டுமே படித்தவர்களுக்கு, உள்ளூர்க்காரர்கள் எடுத்து நீட்டிய பதில் அந்தப் பெயர்.

இனி தாம்பரத்துக்குத் திரும்பலாம். 2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர், மொட்டை மாடியில் மனிதர்கள், தெருவில் படகுகள். மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்துக்குப் போயின. தாம்பரம் விமானப்படைத் தளம் நிவாரணப் பணிக்குப் பயன்பட்டது. உலகம் முழுக்க அன்று வந்த தலைப்பு "சென்னை வெள்ளம்". மழை எந்த மாவட்டம் என்று யாரும் கேட்கவில்லை. அடையாற்றுக்கும் மாநகராட்சி எல்லை தெரியாது.

அதே மாதம் சென்னையின் எஃப்.சி. அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரணி, வேடிக்கையைப் பாருங்கள், கொல்கத்தா. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டத்தை வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். டிசம்பர் 12 அன்று புனேயில் 3-0 என்று சென்னை ஜெயித்தது. பக்கத்தில் மச்சான்கள் இல்லாத "சொந்த ஊர்" ஆட்டம். கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம், இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. அவ்வளவுதான் என்று டி.வி.யை அணைத்தவர்கள் பாவம். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் மேல் பட்டே பந்து உள்ளே போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா அடித்தார். 3-2. சென்னைக்கு முதல் கோப்பை. அப்போதும் புறநகரின் பல வீடுகளில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு காய்ந்திருக்கவில்லை. நனைந்த பாயும் மெத்தையும் தெருவில் குவிந்து கிடந்தன. மூழ்கியபோது சென்னை என்று எண்ணப்பட்டவர்களுக்கு, ஜெயித்தபோதும் சென்னை என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லையா என்ன? எந்தத் தாசில்தார் ஆபீசும் தராத சான்றிதழ் அது.

2018 மார்ச் 13 அன்று இன்னொரு அரையிறுதி, மறுபடியும் கோவாவுடன். இந்த முறை ஆட்டம் நேரு ஸ்டேடியத்திலேயே நடந்தது. 3-0. இரண்டு கோல் மிசோரமிலிருந்து வந்த ஜேஜே அடித்தது. இன்னொன்று, வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் அடித்தது. நான்கு நாள் கழித்து பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையும் வந்தது.

நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்தால் கூட்டம் ரிப்பன் கட்டடத்தைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். வியாசர்பாடி ஜீவாவுக்குப் போகிறவர்கள் மூர்மார்க்கெட் ஸ்டேஷன் பக்கம் போவார்கள். மற்றவர்கள் பார்க் ஸ்டேஷனில், கழுத்தில் நீலத் துண்டோடு, தாம்பரம் வண்டிக்காக நிற்பார்கள்.