பல்லின் நிறமும் பற்றும்

சூத்தைப் பல்லை அடைப்பதற்குப் பல்வைத்தியர் நெடுங்காலம் பொன்னையும் இரசக்கலவையையுமே பெரிதும் கையாண்டு வந்தனர். முன்பல்லில் இவை துலக்கமாகத் தெரியும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லின் நிறத்தையொத்த சிலிக்கேற்றுச் சாந்து பரவலாயிற்று. அதுவோ உமிழ்நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்தது. 1940களில் வந்த அக்கிரிலிக்குப் பிசின் இறுகும்போது சுருங்கியது. ஓரத்தில் உண்டான இடுக்கில் மீண்டும் சூத்தை விழுந்தது.

உண்மையில் இடர் நிறத்தில் இல்லை, பற்றிலேயே இருந்தது. இப்பொருள்கள் பல்லில் உறுதியாய் ஒட்டாமையால், அடைப்புக் கழன்று விழாதிருக்க, உட்புறம் அகன்ற குழி வெட்டவேண்டியிருந்தது. நோயுற்ற பகுதியோடு நல்ல பல்லும் பலியாயிற்று.

இதற்கு வழிகாட்டியது வண்ணப்பூச்சுத் தொழில் என்பது வியப்பே. உலோகத்திற் பூச்சு நன்கு பற்றுவதற்கு அமிலம் தடவப்படுவதை அறிந்த மைக்கேல் புவோனோகோர், அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில், பல்லின் மேலோடாகிய மிளிரியில் 85 வீதப் பொசுபோரிக்கமிலத்தை அரை நிமிடம் தடவிப் பார்த்தார். கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் தோன்றின. பிசின் அவற்றுட் புகுந்து இறுகிப் பிடித்தது. 1955 இல் வெளியான இம்முடிவைப் பல்வைத்திய உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

1962 இல் ரஃபேல் போவன் என்பார், எப்பொக்சியின் உறுதியையும் அக்கிரிலிக்கின் விரைவையும் இணைத்த புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். அதிற் சிலிக்காத் துகள்கள் கலந்தமையாற் சுருக்கம் குறைந்தது. இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்றுசேர்ந்த பின்னரே, சூத்தையை மாத்திரம் அகற்றி நல்ல பல்லை விட்டுவைக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இன்று தடவப்படும் அமிலம் ஏறத்தாழ 37 வீதமே. பிசினைச் சில வினாடிகளில் இறுகச் செய்வது நீல ஒளி.