தேயிலை வேரும் றோசா வேரும்

பெரியகல்லாற்றைப் போன்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில் ஒட்டு றோசாவொன்று மெலிந்து வாடுமாயின், நீரையும் பசளையையுமே நாம் முதலிற் குறைகூறுகிறோம். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்பவர் சிலரே. வேரிலே முடிச்சுகள் திரண்டிருப்பின் அது பெரும்பாலும் வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. மணற்பாங்கான மண் அதற்கு மிக உகந்தது. ஒட்டு றோசாவில் பூ ஒரு வம்சம், வேர் வேறொரு வம்சம். ஆதலின் எதிர்ப்புத்திறனை அடிக்கட்டையிலேயே தேடவேண்டும். வேரைத் தாக்கும் புழுவை ஆராயும் கல்வி இந்நாட்டில் வளர்ந்ததோ தேயிலைத் தோட்டங்களிலேயாம்.

1901இல் நீலகிரியின் தேவாலாத் தோட்டத்துத் தேயிலையில் இத்தகைய புழுவைப் பற்றிப் பார்பர் எழுதினார். இலங்கையில் 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் காட், லூஸ் என்போர் இத்துறையிற் பணியாற்றினர். புழுவின் வாழ்க்கை வரலாற்றையே அவர்களது 1941ஆம் ஆண்டுக் கட்டுரை ஆராய்ந்தது. 1953இல் முதிர்ந்த தேயிலையில் முடிச்சுகளை உண்டாக்கும் தனியினம் ஒன்றை லூஸ் விவரித்தார். மலைநாட்டுத் தேயிலைக்குப் பெருஞ்சேதம் விளைத்த மற்றொரு புழுவுக்கு, 1960இல் ஒல்லாந்தரான லூஃப் அவரது பெயரையே இட்டார். (புழுவொன்றின் பெயரில் நிலைப்பதும் ஒருவகைப் புகழ்தான்!) பின்னர் 1972இல் வெளியான வெப்ஸ்டரின் தொகுப்பு நூலில் தேயிலைப் புழுக்கள் பற்றிய இயலை எழுதியவர் நம்மவரான சிவபாலன்.

இளங்கன்றுகளுக்கு எண்ணிய அளவில் புழுக்களை இட்டு, சில மாதங்களின் பின் வேரிலும் மண்ணிலும் மீள எண்ணுவதே சோதனையின் சாரம். இலையின் செழுமை சான்றாகாது. புழு பெருகியும் வாடாத செடிக்கு இருப்பது தாங்குதிறன் மட்டுமே. தான் செழித்துநின்று அயற்செடியைக் கெடுப்பது அது. நாற்றுமேடையிலிருந்து ஏழை விவசாயிக்கு அதனை எதிர்ப்புச் செடியென்று கொடுப்பது மோசடிக்கு ஒப்பாகும்.

இது வெறும் தோட்டக்கலை நுட்பமன்று. புழுக்கொல்லியான டி.பி.சி.பி. அதனைத் தயாரித்த கலிபோர்ணியாத் தொழிலாளரை மலடாக்கியமை 1977இல் வெளிப்பட்டது. எதிர்ப்புச் செடி கிடையாவிடத்து மண்ணிற் கைவைப்பவரே அத்தகைய விலையைச் செலுத்த நேர்கிறது.

எனினும் மலைநாட்டின் முடிவுகளை அப்படியே கரைக்கு இறக்க முடியாது. லூஸின் பெயர்பெற்ற புழு குளிர்ந்த உயர்நிலத்துக்குரியது. ஓர் இனத்தை எதிர்க்கும் வேர் வேறோர் இனத்துக்கு இரையாகலாம். வெப்பமும் குறுக்கிடும்: தக்காளியின் 'மி' என்னும் எதிர்ப்பு மரபணு, மண் ஏறத்தாழ 28 பாகை செல்சியசைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறது. மட்டக்களப்புக் கரையின் வெயிலில் மணல் அவ்வெல்லையை எளிதிற் கடக்கும். ஆகவே றோசா அடிக்கட்டைகளை இம்மணலிலே, இங்குள்ள புழுவை இட்டு, கோடை மாதங்களிலேயே சோதித்தல் வேண்டும்.