விலையும் வேகமும்: வரைகலை அட்டையின் வரலாறு

சந்தைக்குச் செல்லும் நம் தாய்மார்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. கொடுக்கும் விலைக்குப் பொருள் தகுமா என்று எடைபோடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அதே குடும்பம் பிள்ளைக்குக் கணினி வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த நிதானம் எங்கோ மறைந்துவிடுகிறது. பெயர் தெரியாத பொருள், புரியாத எண்கள். கடைக்காரர் சொல்வதே முடிவு என்றாகிவிடுகிறது. இவற்றுள் மிகுந்த குழப்பத்தைத் தருவது கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கும் வரைகலை அட்டை. இதன் விலைக்கும் திறனுக்கும் உள்ள உறவு எப்படி வளர்ந்து வந்தது என்பதை வரலாற்று வழியில் இன்று காண்போம்.

வரைகலை அட்டையின் வேலை என்ன? இன்று பரவலாக உள்ள கணினித் திரையின் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 2,073,600 புள்ளிகள். அசையும் காட்சி சீராகத் தெரிய வேண்டுமானால் வினாடிக்கு 60 முறை இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். கணினியின் மையச் செயலி மிகுந்த கெட்டிக்காரத் தொழிலாளி. எந்தக் கடினமான வேலையையும் செய்வான். ஆனால் தோட்டம் முழுவதும் களையெடுக்க ஒரு கெட்டிக்காரன் போதாது. ஆளுக்கொரு நிரையாகப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்யும் நூறு பேர் வேண்டும். வரைகலை அட்டையில் உள்ள சில்லு அத்தகைய கூட்டம். எளிய கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே வேளையில் அது போட்டுமுடிக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டது. அதை வாங்கியவர் இரண்டு அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று எழுத்துகளை மிகத் தெளிவாகக் காட்டும். ஆனால் படம் வரையாது. மற்றொன்று நான்கு நிறங்களில் படம் வரையும். ஆனால் எழுத்துகள் கரடுமுரடாகத் தெரியும். அலுவலகத்தார் முதலாவதை நாடினர், வண்ணம் விரும்பியோர் இரண்டாவதை நாடினர். இரண்டும் வேண்டும் என்பவருக்கு ஒரே அட்டையில் வழி இல்லை.

இந்த இடைவெளியைக் கண்டவர் தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த வான் சுவனுகுல். நம் அண்டை நாட்டவர். தம் தாய்மொழியான தாய் மொழியின் எழுத்துகளை அந்தக் கணினியில் காண விரும்பினார். ஐ.பி.எம். அட்டையில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்த எழுத்துகளுள் தாய் எழுத்து இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் நம் விருப்பப்படி ஏற்றி அணைக்க முடிந்தால் அல்லவா எந்த மொழியின் எழுத்தையும் வரையலாம்? 1982இல் அவர் உருவாக்கிய ஹெர்குலிஸ் அட்டை, தெளிவான எழுத்தையும் 720க்கு 348 புள்ளிகள் கொண்ட ஒருநிறப் படத்தையும் ஒருங்கே தந்தது. வண்ணம் இல்லை. ஆயினும் 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருள் அந்த அட்டைக்கு இடம்கொடுத்ததும் அலுவலகங்கள் அதை விரும்பி வாங்கின. ஒரே திரையில் கணக்கையும் வரைபடத்தையும் காண முடிந்தது அல்லவா? இந்த வரலாறு தரும் முதற்பாடம் இது: திறன் என்பது வெறும் எண் அன்று, நமக்கு வேண்டிய வேலையைச் செய்வதே திறன்.

அடுத்த திருப்பம் 1996இல் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பெற்ற 3டிஎப்எக்ஸ் நிறுவனம் வூடூ என்ற சில்லை வடிவமைத்தது. முப்பரிமாணக் காட்சிகளை விரைந்து வரைவது அதன் தொழில். முதலில் அது காசு போட்டு விளையாடும் பெரிய விளையாட்டு இயந்திரங்களுக்கே உரியதாக இருந்தது. வீட்டுக் கணினிக்குக் கட்டுப்படியாகாத விலை அதற்குக் காரணம். ஆனால் 1996இல் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. வூடூ அட்டைக்கு வேண்டிய நினைவகம் மலிந்ததால், சுமார் 300 அமெரிக்க வெள்ளிக்கு அதை வீட்டு உபயோகத்துக்கு விற்க முடிந்தது. சில்லு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பொருளின் விலைதான் மாறியது. நேற்று எட்டாத பொருள் இன்று எட்டுகிறது என்றால், பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணம் அதன் பின்னால் இருக்கும். காத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது இரண்டாம் பாடம்.

அந்த நிறுவனத்தின் முடிவும் அறியத்தக்கது. தொடக்கத்தில் அது சில்லை மட்டும் விற்றது. பல நிறுவனங்கள் அதை வாங்கி அட்டை செய்தன. 1998இன் இறுதியில் எஸ்.டி.பி. என்னும் அட்டைத் தயாரிப்பு நிறுவனத்தை வாங்க முடிவுசெய்து, தானே அட்டைகளைத் தயாரித்து விற்க முனைந்தது. இலாபம் முழுவதும் தனக்கே என்று எண்ணியது போலும்! நேற்றுவரை அதன் சில்லை வாங்கிய நிறுவனங்கள் போட்டியாளரிடம் சென்றன. அந்தப் போட்டியாளர்களுள் முதன்மையானது 1993இல் தோன்றிய என்விடியா. 1999இல் அது வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256, சந்தையின் போக்கையே மாற்றியது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் 3டிஎப்எக்ஸ் தன் உடைமைகளை என்விடியாவுக்கே விற்கும் நிலைக்கு வந்தது.

நேயர்களே, கடையில் போட்டி இருந்தால் வாங்குபவருக்கு நன்மை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். வரைகலை அட்டையின் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று 2008ஆம் ஆண்டு. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், கனடாவின் ஏ.டி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியிருந்தது. 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்திய அதே ஏ.எம்.டி.தான். 2008 ஜூன் மாதத்தில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280 என்ற அட்டையை 649 அமெரிக்க வெள்ளிக்கும், அதன் தம்பியான ஜிடிஎக்ஸ் 260ஐ 399 வெள்ளிக்கும் வெளியிட்டது. சில நாள்களுக்குள் ஏ.எம்.டி. தன் ரேடியான் எச்டி 4870ஐ 299 வெள்ளிக்கு இறக்கியது. அது 399 வெள்ளி அட்டைக்கு ஈடுகொடுத்தது. 649 வெள்ளி அட்டையை அது வெல்லவில்லை; ஆனால் அந்த அட்டையின் வேகம் இதைவிட இருமடங்கும் இல்லை. இருமடங்குக்கு மேல் விலை கொடுத்து, இருமடங்கு வேகம் கிடைக்காத பொருளை யார் வாங்குவர்? சில வாரங்களில் 649 என்பது 499 ஆனது. 399 என்பது 299 ஆனது.

இதன் காரணம் சில்லின் பரப்பில் இருக்கிறது. சில்லுகள் வட்டமான சிலிக்கன் தகட்டில் அச்சிடப்பட்டு வெட்டி எடுக்கப்படுகின்றன. என்விடியாவின் சில்லு 576 சதுர மில்லிமீட்டர், ஏ.எம்.டி.யின் சில்லு 256 சதுர மில்லிமீட்டர். ஒரே மாவில் பெரிய தோசை ஊற்றினால் எண்ணிக்கை குறையும். சிறிய தோசை ஊற்றினால் எண்ணிக்கை கூடும். அதுமட்டுமன்று. தகட்டில் எங்கேனும் ஒரு பழுது இருந்தால், பெரிய சில்லாயின் பெரிய துண்டு வீணாகும். சிறியதாயின் சிறிய துண்டே வீணாகும். உச்சியில் இருக்கும் அட்டையின் விலை வேகத்தைக் காட்டிலும் விரைந்து ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஒரு சான்று. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்றில் 16 கிகாபைட் நினைவகம், விலை 1,199 அமெரிக்க வெள்ளி; மற்றதில் 12 கிகாபைட், விலை 899. நினைவகம் மட்டுமே வேறு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் உள்ளிருந்த சில்லே வேறு. கணக்கிடும் அலகுகள் ஒன்றில் 9,728, மற்றதில் 7,680. எதிர்ப்பு எழுந்ததும் அக்டோபரில் 12 கிகாபைட் அட்டை திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜனவரியில் அது வேறு பெயரில் 799 வெள்ளிக்கு வந்தது. சட்டியில் உள்ளதைப் பாராமல் மூடியைப் பார்த்து விலை கொடுக்கலாமா?

விலை எப்போதும் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களால் தீர்மானிக்கப்படுவதும் இல்லை. 2017இலும், பின்னர் 2020 முதல் 2022 வரையிலும், மின்னியல் நாணயத்தைத் தோண்டி எடுப்பதற்காக வரைகலை அட்டைகள் மொத்தமாக வாங்கப்பட்டன. கொள்ளைநோய்க் காலம் வேறு. பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்ற நேரம். 2020 செப்டம்பரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3080இன் அறிவிக்கப்பட்ட விலை 699 அமெரிக்க வெள்ளி, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,900 மலேசிய வெள்ளி. அவ்வாண்டு நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் நகராட்சிப் பகுதிகளில் 1,200 வெள்ளி, ஏனைய இடங்களில் 1,100 வெள்ளி. ஆக, ஓர் அட்டைக்கு இரண்டரை மாத உழைப்பு. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. 2021இல் அதைப்போல் இருமடங்குக்கு மேலும் விற்றது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் என்ற நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டபின், பயன்படுத்திய அட்டைகள் சந்தையில் குவிந்தன. இப்போது செயற்கை அறிவுக் கூடங்களும் இவ்வகைச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குகின்றன. ஆகவே ஊரெல்லாம் அலைமோதும் நேரத்தில் நாமும் சென்று முண்டியடிப்பது நம் பணப்பைக்கு நல்லதன்று.

அப்படியானால் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? வகுப்பறைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இவை நாமாக வைத்துக்கொண்ட எண்கள். முதல் அட்டை 1,200 வெள்ளி, வினாடிக்கு 60 காட்சி. இரண்டாம் அட்டை 2,400 வெள்ளி, வினாடிக்கு 90 காட்சி. வகுத்துப் பார்த்தால், முதலாவதில் ஒரு காட்சிக்கு 20 வெள்ளி. இரண்டாவதில் 26 வெள்ளி 67 காசு. முதலாவதே மேல் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அட்டை தனியாக இயங்காது. எஞ்சிய கணினிக்கு 2,000 வெள்ளி என்று சேர்த்துக்கொண்டால், முதலாவது 3,200 வெள்ளி, காட்சிக்கு 53 வெள்ளி 33 காசு. இரண்டாவது 4,400 வெள்ளி, காட்சிக்கு 48 வெள்ளி 89 காசு. இப்போது இரண்டாவது மேலாகத் தெரிகிறது! கணக்கு பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் மாறிவிட்டது. புதுக் கணினி வாங்குகிறோமா, இருக்கும் கணினிக்கு அட்டை மட்டும் வாங்குகிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். வீட்டில் இருக்கும் திரை வினாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையானால், கூடுதலாகக் கிடைக்கும் 30 காட்சிகளைக் கண் முழுமையாகக் காணவே முடியாது. 1,200 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து, பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்ததாக முடியும். மின்சாரத்தையும் மறக்கலாகாது. முன்னர்ச் சொன்ன ஆர்டிஎக்ஸ் 3080 தனியே 320 வாட் வரை எடுக்கும். பழைய மின்வழங்கி அதற்குத் தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். அதுவும் அட்டையின் விலையில் சேர வேண்டிய செலவே. மிக மலிவான அட்டையும் சில வேளை நட்டந்தான். வேண்டிய வேலையைச் செய்யாத பொருள் எவ்வளவு மலிவாயினும் விலை அதிகமே.

பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்த அட்டை என்பதன்று. அட்டை வேண்டுமா என்பதே. 2011ஆம் ஆண்டு முதல் வரைகலைப் பகுதி மையச் செயலியின் சில்லிலேயே சேர்ந்து வருவது பரவலாகிவிட்டது. கட்டுரை எழுதவும், கணக்குத்தாள் போடவும், இணைய வகுப்பில் அமரவும், பாடக் காணொளி காணவும் அதுவே போதும். மகன் கட்டட வரைபடமோ அசைவூட்டமோ பயில்கிறான், மகள் காணொளித் தொகுப்பைத் தொழிலாகக் கொள்ள எண்ணுகிறாள் என்றால் அட்டை ஒரு தொழிற்கருவி, அதற்குச் செலவிடலாம். விளையாட்டுக்கு என்றால், அதையும் குற்றம் என்று தள்ள வேண்டாம். பிள்ளையையே பக்கத்தில் அமர்த்தி, மேற்சொன்ன வகுத்தல் கணக்கைப் போடச் சொல்லுங்கள். எந்தெந்த விளையாட்டு, எந்தத் திரை, எத்தனை காட்சி, எத்தனை வெள்ளி என்று தாளில் எழுதட்டும். அட்டையின் ஆயுள் சில ஆண்டுகள். எடைபோட்டு வாங்கும் பழக்கம் அவனிடம் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளக்கும் படியைத்தான் இந்த நாற்பதாண்டு வரலாறு நமக்குத் தந்திருக்கிறது. வேண்டிய வேலை எது என்று பார்ப்பது, முழுச் செலவையும் கூட்டிக் கணக்கிடுவது, போட்டி வரும்வரை பொறுப்பது, பெயரை விட்டு உள்ளிருப்பதை நோக்குவது ஆகிய நான்கும் அந்தப் படியின் கோடுகள். மீனுக்கும் தேங்காய்க்கும் காட்டும் விவேகத்தை இங்கும் காட்டினால், தோட்டத்தில் ஈட்டிய ஒவ்வொரு வெள்ளியும் தக்க பயனைத் தரும்.