பெயர் பெறாத பெரும்பான்மை

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரியின் நாடு என்று சங்கப் புலவர் போற்றிய மலை அது. அங்கு வாழும் பழங்குடி மக்களை அரசின் பட்டியல் ‘மலையாளி’ என்று குறிக்கிறது. கேரளத்தார் என்பது இங்குப் பொருளன்று. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். மலையில் வாழ்பவருக்கு இவ்வாறு ஒரு பெயர் உண்டு. சமவெளியில் வாழும் நமக்கோ அதற்கு இணையான பெயர் ஏதும் இல்லை. தேவை என்று நாம் எண்ணியதும் இல்லை. நாம் வெறுமனே ‘மக்கள்’. அவர்கள் மட்டுமே ‘மலைமக்கள்’.

எவருக்குப் பெயர் இல்லையோ அவரே அளவுகோல் ஆகிவிடுகிறார் என்பது மனித வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் உண்மை. இவ்வுண்மையை நரம்பு என்னும் பொருளோடு சேர்த்துச் சிந்திக்கக் கொல்லிமலையே நமக்கு வழி காட்டுகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் இம்மலையில் குடியேறி மறைப்பணியும் மருத்துவப் பணியும் ஆற்றினர். 1929-இல் ஜெஸ்ஸி கடுங்காய்ச்சலால் இம்மலையிலேயே உயிர் நீத்தார். 1914-இல் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்ட், 1923-இல் கல்விக்காக இங்கிலாந்து செல்லும் வரை இம்மலையிலேயே வளர்ந்தார். தொழுநோயாளர் சிலர் ஒருநாள் தம் வீட்டை நாடி வந்ததையும், தந்தை கையுறை அணிந்து அவர்தம் புண்களுக்கு மருந்திட்டதையும், அவர்கள் அமர்ந்த இடத்தில் விளையாடலாகாது எனத் தமக்குத் தடை விதிக்கப்பட்டதையும் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இரக்கம் மிகுந்த இல்லத்திலும் அச்சம் குடியிருந்தது.

அச்சிறுவனே அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அந்நாளைய பொதுநம்பிக்கை. ஒருநாள், துருவேறிய பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து எளிதாகத் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் வழிந்தது. திறவுகோல் எலும்பு வரை கிழித்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை. இத்தகைய நிகழ்ச்சிகள் பால் பிராண்டின் கண்களைத் திறந்தன. சதை கெட்டதன்று, நரம்பு உணர்விழந்ததால் காயம் தெரியவில்லை, தெரியாத காயமே விரலைத் தின்றது. இரவில் எலி கடிப்பதைக்கூட உணராது உறங்கியவர்களுக்குப் பூனைகளைக் காவலாக வளர்க்கச் செய்தார்கள் என்பதும் வரலாறு. ‘சாபம்’ என்றும் ‘பாவத்தின் கூலி’ என்றும் நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டது, உண்மையில் நரம்பின் செய்தி.

இதே பிழையை மற்றொரு களத்திலும் உலகம் செய்தது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், தம்முள் ஆழ்ந்து, மாற்றத்தை வெறுத்து, பேச்சில் வேறுபட்டிருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்று நாம் இன்று அறியும் நிலை அது. பின்வந்த அறிஞர் சிலர் இதற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்றனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரப்பியது. எண்ணற்ற அன்னையர் குற்றவுணர்வில் வெந்தனர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது நரம்பு மண்டலம் சார்ந்தது என்று 1964-இலேயே எடுத்துக்காட்டியிருந்தும் பழி அகல நெடுநாள் ஆயிற்று.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தொழுநோய் கிருமியால் வருவது. கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாவது. ஆட்டிசமோ தொற்றும் நோயன்று. பிறவியிலேயே அமைந்த நரம்பின் போக்கு. ஆயினும் இருவரையும் ஒதுக்கிய மனநிலை ஒன்றே.

இந்தச் சூழலில்தான், 1990-களில், ஆட்டிசம் உள்ளவர்களே தமக்குள் ஒரு சொல்லை வழங்கத் தொடங்கினர்: ‘நியூரோடிபிகல்’. பெரும்பான்மையோருக்குரிய நரம்பமைப்பை உடையவர் என்பது அதன் பொருள். அந்த ஆண்டுகளில்தான் ஜிம் சின்க்ளேர் என்பவர், எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்னும் கருத்தைப் பெற்றோரிடம் வேண்டுகோளாக வைத்தார். 1998-இல் ஆட்டிசம் உள்ள ஒருவர், ‘நியூரோடிபிகல்’ என்பதையே ஒரு நோயாகப் பாவித்து, மருத்துவ நடையில் அங்கதம் எழுதினார். ஓயாமல் பிறரோடு பழக விழைவதும், தம்மைப் போலவே எல்லாரும் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் அந்நோயின் குறிகளாம்! நகைப்புக்குள் ஒரு வலி இருந்தது. நெடுங்காலம் அளக்கப்பட்டவர்கள், அளந்தவர்களை முதன்முறையாக அளந்து பார்த்தார்கள்.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. தொழுநோயைப் ‘பெருவியாதி’ என்றதில் மங்கலத்தின் சாயல் உண்டு. ‘நியூரோடிபிகல்’ குழூஉக்குறியாகப் பிறந்து பொதுவழக்கிற்கு வந்தது. அதைத் தமிழாக்குவோர் ‘இயல்பானவர்’ என்று எழுதுவது பொருந்தாது. அப்படியானால் மற்றவர் இயல்பற்றவர் ஆகிவிடுவர். சொல் எதை மறுக்கப் பிறந்ததோ அதையே மீண்டும் நிலைநாட்டிவிடும். மிகுதியாகக் காணப்படுவது வேறு, சரியானது வேறு. ‘பெரும்பான்மை நரம்பமைப்பினர்’ என்பது செவிக்கு இனிமையற்றதாயினும் பொருளுக்கு நேர்மையானது.

இச்சொல்லை ஏற்பதில் கருத்து வேறுபாடுகளும் உள்ளன. சிலர் இதனை ஏளனச் சொல்லாக எறிகின்றனர். ஒதுக்கப்பட்டவர் ஒதுக்குவது நீதியாகாது. பேச்சே வராத, இரவும் பகலும் துணை வேண்டிய பிள்ளையை வளர்க்கும் பெற்றோர், ‘வேறுபாடு’ என்ற அழகிய சொல் தம் பாரத்தை மறைத்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மதிக்கத்தக்கது. பெயர் மதிப்பைத் தரலாம். உதவியைப் பெயர் மட்டும் தந்துவிடாது.

சட்டமும் மெல்லவே நடந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் ஏழு குறைபாடுகளை எண்ணியது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-இன் சட்டம் 21 நிலைகளை வகுத்து, ஆட்டிசத்தையும் தொழுநோயினின்று குணமானோரையும் ஒரே பட்டியலில் அமர்த்தியது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டிய விதி, கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் 2019-இல்தான் நீக்கப்பட்டது. 

சட்டம் மாறிய பின்னும் மாற வேண்டியது ஒன்று எஞ்சுகிறது. ஞாயிறு திருப்பலியில் ஒரு சிறுவன் திடீரெனக் குரலெழுப்புகிறான். காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிறான். ஒலிபெருக்கியின் ஓசை நமக்குப் பாடல். அவன் செவிக்கு அது இடி. நம் தலைகள் திரும்புகின்றன. அடுத்த வாரம் அந்தத் தாய் கடைசி வரிசையில் நிற்கிறார். அதற்கடுத்த வாரம் வருவதில்லை. எவரும் அவரைத் துரத்தவில்லை. நம் பார்வையே போதுமானதாக இருந்தது.

பூட்டைத் திறந்த சிறுவனுக்குத் தன் காயம் தெரியவில்லை; அவன் நரம்பு உணர்விழந்திருந்தது. அந்தத் தாயின் காயம் நமக்குத் தெரியவில்லையே, நம்முள் எது உணர்விழந்திருக்கிறது?