சீறியாழும் நான்கு தடங்களும்

மரக்காணத்தில் உப்பளங்களை அடுத்த வீடொன்றின் மாடியில் இசைப்பதிவு அறை அமைக்க விரும்புகிறான், நண்பர் ஒருவரின் மகன். வாங்க வேண்டியவற்றை இரண்டு பக்கங்களுக்குப் பட்டியலிட்டுக் கொண்டுவந்தான். எனக்குக் கருவிகளைவிடப் பழைய ஏடுகளிலேயே பழக்கம் அதிகம். ஆகவே பேச்சு சிறுபாணாற்றுப்படையில் தொடங்கிவிட்டது.

அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய கடற்கரைப் பட்டினம் அது. பாடியவரும் தொலைவிலுள்ளவர் அல்லர். வடக்கே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். 269 அடிகளுக்குள் உப்பு வண்டி ஓட்டும் உமணரையும் அவர் மறக்கவில்லை. ஆனால் என்னை ஈர்ப்பது தலைப்பிலுள்ள 'சிறு' என்னும் சொல்தான். பேரியாழுக்கு 21 நரம்புகள், சீறியாழுக்கு 7 என்பது மரபு. சீறியாழ் இசைப்போர் சிறுபாணர். வறுமையோடு ஊர் ஊராக நடப்பவனுக்கு, தூக்கிச் செல்லக்கூடிய கருவியே கருவி.

ஒலிப்பதிவின் வரலாற்றிலும் இப்படியொரு சீறியாழ் உண்டு. பல தடங்களில் தனித்தனியே பதிந்து பின்னர் ஒன்றாகக் கலக்கும் வசதி நெடுங்காலம் பெரிய கூடங்களின் உடைமையாகவே இருந்தது. 1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்கள், மேசைமேல் அடங்கிவிடும். 1982 சனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தம் வாடகை வீட்டில் இக்கருவியையும் ஷூர் எஸ்எம்57 மைக்குகள் இரண்டையும் வைத்துச் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். பின்பு குழுவினரோடு முறையான கூடத்தில் மீண்டும் பாடிப் பார்த்தும் நிறைவு வரவில்லை. சட்டைப் பையில் உறைகூட இல்லாமல் அவர் கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாயிற்று.

நம்மிடத்துக் கதை இன்னும் நெருக்கமானது. 1976-இல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அவர் மகன் ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அறை இருந்தது, குளிர்சாதனமும் தரைவிரிப்பும் இருந்தன. கருவி வாங்கப் பணமில்லை. தாயார் அடகு வைக்கத் தந்த நகையால்தான் முதல் பதிவுக்கருவி வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை அங்கு பிறந்தது.

பையன் பட்டியலைத் திருப்பிப் பார்த்தான். விலையுயர்ந்த கண்டென்சர் மைக் முதலிடத்தில் இருந்தது. அதன் மெல்லிய சவ்வு ஈரத்தில் பொரிந்து இரையும். கடலோரத்தில் வேறொரு பகையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்புத்துகள் நீரை ஈர்த்துத் தானே கரைசலாகும். அதுவே மின்சுற்றுகளையும் செருகிகளையும் அரிக்கும். உப்பளத்தருகே வாழ்பவனுக்கு இதை நான் விளக்கியது அதிகப்பிரசங்கித்தனம். அவன் வீட்டுச் சன்னல் கம்பிகளே சாட்சி.

முடிவில் மிஞ்சியவை நான்கு: முன்பே இருக்கும் கணினி, இரண்டு வாயில்களுள்ள இன்டர்ஃபேஸ், கரடுமுரடைத் தாங்கும் டைனமிக் மைக், மூடிய வகை ஹெட்போன். சுவர் எதிரொலியை அடக்கப் பழைய மெத்தைகள் போதும். ஒலிபெருக்கிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தான். மைக்கை வைக்க இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் மட்டும் அவன் பட்டியலில் இல்லாதவை. அவற்றை நான் எழுதிச் சேர்த்தேன்.