வேதம் என்னும் எண்: வாக்கியக் கணிதத்தில் ஒரு பாட ஆய்வு

காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்றுக் கோயிலில் சனிப்பெயர்ச்சி விழா வாக்கியப் பஞ்சாங்கத்தின்படியே எடுக்கப்பெறுகின்றது. திருக்கணிதத்தார் சனி கும்பம் புகுந்த நாள் 2023 சனவரி 17 என்றனர். திருநள்ளாற்றில் விழா நிகழ்ந்ததோ அவ்வாண்டு திசம்பர் 20ஆம் நாள். இவற்றுள் எது பொருந்தும் என ஆராய்தல் ஈண்டு நம் கருத்தன்று. வாக்கிய நெறியார் எண்களைச் சொற்களிற் காத்தனர். அவ்வெண்களின் இயல்பு பாடம் ஆராய்வார்க்கு எங்ஙனம் துணையாம் என்பதனை, அந்நெறியின் சந்திர கணிதத்திற்கு அடிப்படையான பேரெண் ஒன்றனைக் கொண்டு காண்போம்.

அவ்வெண் 16,00,984. கலியுகத் தொடக்கத்தினின்று இத்துணை நாள் கழிந்த நாள் கி.பி. 1282 மே 22 ஆகும். அன்று சூரியோதயத்திற் சந்திரன் தன் உச்சத்தில் நின்றதாகக் கொண்டு கணக்குத் தொடங்கும். இவ்வெண் ஏழால் மீதியின்றி வகுபடும். ஆதலின் கலி பிறந்த வெள்ளிக்கிழமையே இந்நாளின் கிழமையும் ஆயிற்று.

அதன்பின் கழிந்த நாள்களை 12,372, 3,031, 248 என்பவற்றால் முறையே வகுத்து, எஞ்சிய எண்ணுக்குரிய வாக்கியத்தைக் கொள்வர். சந்திரன் உச்சத்தினின்று மீண்டும் உச்சமடையும் சுற்று, 248 நாளில் ஒன்பதும், 3,031 நாளில் 110உம், 12,372 நாளில் 449உம் ஏறத்தாழ நிறைவுறும். 3,031இன் நான்கு மடங்கோடு 248 கூடின் 12,372 ஆதலும், 110இன் நான்கு மடங்கோடு 9 கூடின் 449 ஆதலும் காண்க.

1825இல் சென்னையில் வெளிவந்த 'காலசங்கலிதம்' என்னும் ஆங்கில நூலில் சான் வாரன் இந்நான்கு எண்களையும் வேதம், ரசகேரிகா, காலநிலம், தேவாரம் என்னும் பெயர்களாற் குறித்தார். புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, 1825 மே 31–சூன் 1 சந்திரகிரகணத்தைக் கணித்த வரலாறும் அந்நூலில் உண்டு. வேத நாளினின்று அம்மே 31 வரை 1,98,328 நாள். அதனுள் 12,372 பதினாறு முறையும், 248 ஒரு முறையும் அடங்க, 128 எஞ்சும். ஆதலின் அந்நாட்குரியது 128ஆம் வாக்கியமாகும்.

ஈண்டுத் தேவாரம் என்பது திருமுறையன்று. மெய்யெழுத்துகட்கு எண் வழங்கி, முதலெழுத்தை ஒன்றாம் இடத்து இலக்கமாகக் கொள்ளும் கடபயாதி முறையில், தே 8, வா 4, ர 2, எனவே 248. காலநிலம் அவ்வாறே 3,031 ஆகும். வேதம் என்பதோ 84 என்னும் இறுதி ஈரிலக்கங்களையே தரும்.

தமிழ் எழுத்தில் எழுதுங்கால் ஓர் இடர் உண்டு. வடமொழி வருக்க எழுத்துகள் தமிழில் ஓரெழுத்தாய் அடங்குதலின், ககரம் 1 முதல் 4 வரையும், தகரம் 6 முதல் 9 வரையும் குறிக்கலாம். ரசகேரிகா என்பதன் இடையிலுள்ள ககரத்தை மட்டும் நோக்கினும், 12,172, 12,272, 12,372, 12,472 என நான்கு பாடங்கள் தோன்றும். அவற்றுள் ஏனை ஈரெண்களோடு மேற்காட்டிய உறவில் நிற்பது 12,372 ஒன்றே. ஆதலின் அவ்வெழுத்து 3 குறிக்கும் மெல்லொலிக் ககரமே என்பது துணிபு.

எழுத்து ஐயந்தரும் இடத்து எண்ணே பாடத்தைக் காக்கின்றது. கணித ஏடுகளைப் பதிப்பிப்போர் சொல்லை ஒப்புநோக்குவதோடு அமையாது, கூட்டிப் பெருக்கியும் பார்த்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விழைவது.