பிரைமரியில் நிற்காத வேட்பாளர்: 1968-ம் 2024-ம்

இந்த வாரம் ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம். டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபர், தேர்தல் வருஷத்துல 'நான் மறுபடி நிற்கல'ன்னு அறிவிக்கிறார். பிரைமரியில் போட்டியே போடாத துணை அதிபர் வேட்பாளர் ஆகிறார். ஆகஸ்ட்ல சிகாகோவுல மாநாடு. நவம்பர்ல தோல்வி. எந்த வருஷம்?

2024-ன்னு சொன்னாலும் சரி, 1968-ன்னு சொன்னாலும் சரி.

கமலா ஹாரிஸ் கதை நமக்குத் தெரியும். அவங்க அம்மா சென்னைக்காரர் என்பதால அந்த ஆகஸ்ட்ல நம்ம ஃபோன் முழுக்க அதுதான். அதனால 1968-க்குப் போவோம்.

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பது தேசிய மாநாடு. அங்கே ஓட்டு போடுறவங்க, மாநிலங்கள்ல இருந்து வரும் டெலிகேட்டுகள். அப்போ பிரைமரி தேர்தல் நடத்திய மாநிலங்கள் சுமார் 15தான். மற்ற இடங்கள்ல யார் டெலிகேட் என்பதை மாநிலக் கட்சித் தலைவர்களும் பெரிய நகர மேயர்களும் முடிவு பண்ணிடுவாங்க.

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷையர் பிரைமரியில் போர் எதிர்ப்பாளர் யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். மார்ச் 31-ல் அதிபர் ஜான்சன் விலகினார். ஜூனில் கலிஃபோர்னியாவில் ஜெயிச்ச இரவே ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். துணை அதிபர் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் இறங்கவில்லை, இறங்க வேண்டிய தேவையும் இல்லை. மாநாட்டில் அவருக்கு 1,700-க்கும் மேல் ஓட்டு, மெக்கார்த்திக்கு 601. வெளியே போலீஸ் மாணவர்களை அடித்ததை நாடே டிவியில் பார்த்தது.

கோபத்தைத் தணிக்க ஒரு குழு போட்டாங்க. முதலில் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், பிறகு டொனால்ட் ஃப்ரேசர் தலைமை. அவங்க கண்டுபிடிச்சதில் ஒரு விஷயத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன்: மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட டெலிகேட்டுகள், 1968 பிறக்கும் முன்பே தேர்வாகிவிட்டார்கள். அதாவது, ஜான்சன் விலகுறதுக்கு முன்னாடி, மெக்கார்த்தி ஒரு ஓட்டுகூட வாங்குறதுக்கு முன்னாடி. தோற்றதுகூட பரவாயில்லை, ஆட்டம் எப்போ நடந்ததுன்னே அந்தப் பசங்களுக்குத் தெரியாது.

குழு 18 விதிகள் போட்டது. தேர்வு திறந்த முறையில், தேர்தல் வருஷத்திலேயே நடக்கணும், பெண்கள், சிறுபான்மையினர், இளைஞர்களுக்கு நியாயமான இடம் வேணும். கவனிங்க, 'பிரைமரி நடத்து'ன்னு ஒரு வரிகூட இல்லை. ஆனா இத்தனை விதிக்கும் பொருந்துகிற சுலபமான வழி பிரைமரிதான்னு மாநிலங்கள் கண்டுகொண்டன. ஸ்பெக் எழுதினவர் நினைச்சது ஒண்ணு, டெவலப்பர் டெலிவர் பண்ணினது வேற. 1980-க்குள் பிரைமரிகள் 30-ஐத் தாண்டிடுச்சு.

1972-ல் இதுல ஒரு விநோதம். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி உட்பட 59 டெலிகேட்டுகள் பிரைமரியில் மக்கள் ஓட்டு வாங்கித்தான் மாநாட்டுக்கு வந்தாங்க. ஆனா அவங்களைப் பட்டியல் போட்டது மூடிய அறையில், பெண்களும் கறுப்பினத்தவரும் போதவில்லைன்னு ஜெஸ்ஸி ஜாக்சன், வில்லியம் சிங்கர் தரப்பு வழக்காடி, மொத்தப் பேரையும் வெளியே அனுப்பி அந்த இடத்தில் உட்கார்ந்தது. டேலி மேல எனக்குத் துளி அனுதாபம் கிடையாது. 1968-ல் அந்த போலீஸை ஏவியவர் அவர்தான். ஆனாலும், ஓட்டு போட்ட சிகாகோக்காரருக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?

அந்த மாநாடு தேர்ந்தெடுத்தது, விதி எழுதிய மெக்கவர்னையே. நிக்ஸனிடம் 49 மாநிலங்களில் தோற்றார்.

'பார்த்தீங்களா!'ன்னு கட்சிப் பெரியவர்கள் கிளம்பினாங்க. அவங்க வாதத்தில் நியாயம் இருக்கு. டிவியில் பார்த்து ஓட்டு போடுறவரைவிட, செனட்டில் பத்து வருஷம் கூட வேலை பார்த்தவருக்கு ஆளைப் பற்றி அதிகம் தெரியும். 1982-ல் ஹன்ட் குழு அவங்களுக்காகவே ஒரு இடம் உருவாக்கியது. அவங்கதான் சூப்பர் டெலிகேட்டுகள், யார் மூலமும் தேர்வாகாமல் நேரடியாக மாநாட்டில் ஓட்டு போடலாம். 1984-ல் அவங்க ஆதரவோடு வால்டர் மாண்டேல் வந்தார். அவரும் 49 மாநிலங்களில் தோற்றார். ரெண்டு முறைக்கும் ஒரே ஸ்கோர். அதனால தேர்தல் முடிவை வச்சு முறையை எடை போடாதீங்க.

2016-ல் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கொதிச்சதுக்கு அப்புறம், 2018-ல் கட்சி பின்வாங்கியது. போட்டி இருந்தால், சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்றில் ஓட்டு கிடையாது.

இப்போ 2024. பைடனை விலகச் சொல்லி நெருக்கியது பிரைமரி வாக்காளர்கள் இல்லை, அவங்க ஏற்கெனவே அவருக்கே போட்டிருந்தாங்க. நெருக்கியது, 2018-ல் முதல் சுற்று ஓட்டை இழந்த அதே பெரியவர்கள். ஜூலை 21-ல் அவர் விலகினார். அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஹாரிஸுக்குத் தேவையான டெலிகேட் ஆதரவு சேர்ந்தாச்சு. எந்த விதியும் மீறப்படவில்லை. 1968-லும் மீறப்படவில்லை.

பெரியவர்களுக்குக் குரலே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். எப்படியும் பேசத்தான் போறாங்க. அதை பிரைமரிக்கு முன்னாடி, பெயர் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி பேசட்டும். 2023-ல் பைடன் வயசைப் பற்றி அப்படி வெளிப்படையா பேசினவங்க ரொம்பக் குறைவு.

அடுத்த எபிசோட்ல எதிர் முகாம்: 1912, பிரைமரிகளில் ஜெயிச்சும் மாநாட்டில் தோற்ற தியோடர் ரூஸ்வெல்ட். சந்திப்போம்.